யாருமில்லாத வீட்டில் பால் காய்ச்சிய கதை

அன்று மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் உள்ள எங்கள் வீட்டு ஹோலில் இருந்தவர்கள்: அம்மா, அப்பா, அக்கா, நான். வராதவர் அத்தான். ஜூலை முதலாம் திகதி ஊரே வீடு மாறுகிற நாள் என்பதால், ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் யாரோ நண்பருடைய குளிர்சாதனப் பெட்டியை மூன்றாம் மாடிக்குத் தூக்கப் போயிருந்தார். (அந்த இடத்தில் இல்லாத அத்தான்தான் இன்றைக்கும் இந்தக் கதையைக் கலியாண வீடுகளில் எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சொல்கிறார். முழுக்கப் பிழையாகவும் சொல்கிறார். அதனால்தான் நான் எழுதவேண்டி வந்தது.)

துபாயில், நான் வாடகைக்கு எடுக்கவிருந்த வீட்டில் இருந்தவன் என் நண்பன் நிரோஷன். அவனும் கொஞ்ச நேரம்தான் இருந்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்தவை ஒரு சிறிய காஸ் அடுப்பு, அதன்மேல் ஒரு பானை பால், யன்னல் விளிம்பில் சாய்த்து வைத்த ஒரு போன். ஆட்கள் என்று ஒருவரும் இல்லை.

அப்படித்தான் நாங்கள் நம்பியிருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் முதலில் கால் வைத்தவன் நான். அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி இறக்கியும், அம்மா தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்குப் பொத்தான் வைத்தும் என்னைப் படிப்பித்தார்கள். பதிலுக்கு நான் அவர்களுக்குக் கொடுத்தது விளக்கங்கள். நான் படித்தது கட்டடங்களுக்குள் காற்றைச் சூடாக்குவதும் குளிராக்குவதும். ஆகவே வீட்டில் எங்கே என்ன சத்தம் கேட்டாலும், எந்தச் சுவரில் ஈரம் கண்டாலும், யாரும் கேட்காமலே எழுந்து நின்று காரணம் சொல்வேன். (அக்கா இதற்கு 'ரேடியோ போட்டிட்டான்' என்பாள்.)

இருபத்து நான்கு வயதில் எனக்குத் துபாயில் வேலை கிடைத்தது. மொன்றியலுக்குப் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் நான் வாங்கிக்கொண்டிருந்ததைப்போல ஒன்றரை மடங்கு சம்பளம். வரியும் இல்லை. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் வீட்டுக் கடனின் பெரும்பகுதி கழிந்துவிடும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுகிற அப்பா வேலையை விட்டுவிடலாம். இதை நான் மிகவும் உருக்கமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (சொல்லும்போது என் கண்ணே கலங்கும்.)

உருக்கத்தோடு நிற்கவில்லை. கணினியில் ஓர் அட்டவணையும் போட்டேன். தலைப்பு: 'பாலைவன நகரத்தில் வாழ்க்கைச் செலவு.' வாடகை, ஏசி, குடிதண்ணீர், பஸ், தலைமயிர் வெட்டு என்று ஒன்றையும் விடவில்லை. கோடையில் அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் தானாகவே கொதிக்கக் கொதிக்க வரும் என்று நிரோஷன் சொன்னதைக் கேட்டு, 'வெந்நீர்: செலவு இல்லை' என்று ஒரு வரி சேர்த்து, அதற்குப் பச்சை நிறமும் அடித்திருந்தேன். மற்ற வரிகள் எல்லாம் சிவப்பு. எந்த வீட்டை அதில் போட்டுப் பார்த்தாலும், வாடகையும் ஏசியும் சம்பளத்தைத் தின்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தன.

ஒரே ஒரு வீட்டைப் போட்டபோதுதான் கடைசி வரி பச்சையானது. அந்தத் தெருவில் மற்ற வீடுகளுக்குக் கேட்கிற வாடகையில் இது கிட்டத்தட்டப் பாதி. ஏன் இவ்வளவு மலிவு என்று ஏஜன்டிடம் கேட்டேன். "குசினியில் ஒரு அலமாரி பூட்டியிருக்கும். உரிமையாளரின் சாமான்கள் உள்ளே. அதைத் தொடக்கூடாது. அவ்வளவுதான்" என்றார். அறைகளின் கன அளவைக் கண்ணாலேயே கணக்கிடுகிறவன் நான். ஒரு வீட்டின் வாடகையைப் பாதியாகக் குறைக்கிற அலமாரிக்குள் அப்படி என்ன இருக்கும் என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அன்றைக்கே முன்பணம் ஐயாயிரம் திர்ஹம் அனுப்பிவிட்டேன்.

மீதி வாடகையை அப்பா தன் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுத்து நிரோஷனுக்கு அனுப்பியிருந்தார். அதை அவன் ஏஜன்டின் கையில் கொடுத்தால் வீடு எனக்கு. வீடு கிடைத்தால் வேலை. வேலை என்றால் நான் போய்விடுவேன். இந்தச் சங்கிலியின் கடைசி வளையம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. போகாதே என்று சொல்லவும் மனமில்லை. ஆகவே ஒரு நிபந்தனை போட்டார்.

"முதல்ல அந்த வீட்டில பால் காய்ச்சவேணும். நல்லாப் பொங்கினா காசைக் குடு, போ. இல்லாட்டி இஞ்சயே இரு."

"அம்மா, நான் இஞ்ச இருக்கிறன், வீடு அங்க இருக்கு."

"நிரோஷன் இருக்கிறான்தானே. வீடியோவில காய்ச்சட்டும்."

ஆனி மாதத்தில் குடிபுகலாமா என்று கோவிலில் ஐயரிடம் கேட்டார்கள். வாடகை வீடு, போவது ஆளும் இல்லை, பால் மட்டும்தானே என்று யோசித்து, அவர் ஒரு நேரம் குறித்துக் கொடுத்தார். மொன்றியலில் முற்பகல் பதினொன்று ஐந்து. துபாயில் அது சூரியன் இறங்குகிற நேரம்.

தொலைக்காட்சியில் போனை இணைத்தோம். அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றி, திரையின் மேல் மூலையில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தார். வெளியே தெருவில் பியானோ ஒன்றைப் படியால் இறக்குகிறவர்கள் பிரெஞ்சில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் வரக்கூடாது என்று அக்கா யன்னலைச் சாத்தினாள். வீடு திடீரென்று அமைதியானது.

திரையில் ஒரு நீளமான நடைபாதை தெரிந்தது. இரு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். ஒரு கதவுக்கு முன்னாலும் ஒரு செருப்புச் சோடிகூட இல்லை. நிரோஷன் நடக்க நடக்க அவனுக்கு முன்னால் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அவன் நின்றுவிட்டான். அதன் பிறகும், அவனுக்கு அப்பால், நடைபாதையின் அடுத்த முனையில், ஒரு விளக்கு எரிந்து அணைந்தது.

"மச்சான், அங்க ஆரும் நடக்கினமோ?"

"சென்சர். தூசிக்கும் எரியும்," என்றேன். (ரேடியோ போட்டாயிற்று.)

ஏஜன்ட் கொடுத்த அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்தான். உள்ளே வெறும் வெள்ளைச் சுவர்கள். ஹோலும் குசினியும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு பெரிய அறை. யன்னலுக்கு வெளியே தூசி மூடிய வானத்தில் சூரியன், கண் கூசாமல் பார்க்கக்கூடிய ஒரு வெளிறிய வட்டமாகத் தொங்கியது. அறைக்குள் விடாமல் ஒரு முனகல் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்ன அது முனகுது?" என்றார் அம்மா.

"ஏசி, அன்ரி. வெளியில நாப்பத்தஞ்சு. இஞ்ச விறைக்குது."

"ஆளில்லாத வீட்டுக்கு ஏன் ஏசி?"

அதற்கு நான் பதில் சொன்னேன். அங்கே ஏசியை நிறுத்தினால் சுவர்கள் வியர்க்கும், பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே வெறும் வீடுகளையும் இரவு பகலாகக் குளிராக்கிக்கொண்டிருப்பார்கள் என்றேன். யாரும் வாழாத இடத்துக்கும் அந்த ஊரில் வாழ்க்கைச் செலவு உண்டு என்று ஒரு வசனத்தையும் சேர்த்துவிட்டேன். அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

"மச்சான், வெங்காயம் பொரிச்ச மணம் வருது," என்றான் நிரோஷன்.

"பக்கத்து வீட்டுக் காத்து. குழாய் வழியா வரும்."

"பாத்ரூம் நிலம் ஈரமாக் கிடக்கு. ஆரோ இப்பதான் குளிச்ச மாதிரி."

"நீராவி படிஞ்சிருக்கும். குளிர்ந்த நிலத்தில சூடான காத்துப் பட்டா அப்படித்தான்."

"கால் அடையாளம் மாதிரி..."

"அது உன்ர கால்."

"நான் சப்பாத்துப் போட்டிருக்கிறன் மச்சான்."

இந்த இடத்தில் மூளை உள்ள எவனும் கொஞ்சம் நிறுத்தியிருப்பான். நான், நீர் ஒரு மேற்பரப்பில் எப்படி ஒழுங்கற்ற வடிவங்களில் படியும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அறையின் எங்கோ ஒரு பக்கத்திலிருந்து, அடக்கி வைத்த மாதிரி, ஒரு சின்ன இருமல் கேட்டது.

நால்வரும் திரையைப் பார்த்தோம். நிரோஷன் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தான்.

"கம்பிரசர்," என்றேன்.

நேரம் நெருங்கியபடியால் யாரும் மேலே கேட்கவில்லை. நிரோஷன் நிலத்தில் அடுப்பை வைத்தான். குசினிப் பக்கச் சுவரில் உள்ள உயரமான வெள்ளை அலமாரிக்குப் பக்கத்தில்தான் இடம் வசதியாக இருந்தது. கும்பத்துக்குத் தேங்காய் கொண்டுவந்திருந்தான். பிளாஸ்டிக் சுற்றி, மேலே விலை ஒட்டிய தேங்காய். மாவிலைக்குப் பதிலாகப் புதினாக் கட்டு ஒன்றைச் சுற்றி வைத்தான். அம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு அவன் போனை யன்னல் விளிம்பில் நிறுத்தி, சரியாமல் இருக்கக் கதவின் அட்டையையும் அதற்கு முண்டாக வைத்து, அடுப்பைப் பற்றவைத்தான்.

நீலச் சுவாலை எழுந்தது. அம்மா கும்பிட்டார். பிறகு கையை இறக்கினார்.

"தம்பி நிரோஷன், எந்தக் காலை வைச்சு உள்ள வந்தனீர்?"

"தெரியேல்லை, அன்ரி."

"இடது கால்தான். நான் பார்த்தனான்," என்றாள் அக்கா. (அவள் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

"அப்ப வெளிய போய், வலது காலை வைச்சு வாருமப்பு. கெதியா. பால் பொங்க முதல்."

நிரோஷன் நல்ல பிள்ளை. எழுந்து வெளியே போனான். அந்த ஊர்க் கதவுகள் தாமாக மூடிக்கொள்பவை. கதவு மெதுவாக வந்து, க்ளிக் என்று ஒரு சத்தத்தோடு பூட்டிக்கொண்டது. திரையின் அடியில், போனுக்கு முண்டாக, அட்டையின் ஒரு மூலை தெரிந்தது.

முதலில் அழைப்பு மணி அடித்தது. வெறும் வீட்டுக்குள் அது ஒலித்து ஓய நெடுநேரம் எடுத்தது. பிறகு கதவில் தட்டு. பிறகு, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல நிரோஷனின் குரல்: "மச்சான்! கார்ட் உள்ளுக்க! நான் போய்க் கீழ நிக்கிற ஏஜன்டைக் கூட்டிக்கொண்டு வாறன்!"

காலடிச் சத்தம் தேய்ந்து போனது. ஏசியின் முனகல் மட்டும் மிஞ்சியது.

உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு பூட்டிய வீட்டில் எரிகிற அடுப்பை உங்கள் வீட்டு ஹோலில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? கையை நீட்டலாம். திரைதான் தட்டும். அக்கா பதற்றத்தில் நிரோஷனின் எண்ணை அழைத்தாள். அந்த எண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த போனுடையது. யன்னல் விளிம்பில் அது நடுங்க, முழு வீடும் எங்களுக்கு நடுங்கியது.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று அம்மா கத்தினார். அக்காவையா, அடுப்பையா என்று தெரியவில்லை.

வெளியே வெளிச்சம் குறைந்தது. அறை சாம்பல் நிறமாகி, சுவாலை மட்டும் நீலமாக நின்றது. பாலின் விளிம்பில் நுரை கட்டத் தொடங்கியது.

"இப்ப என்ன நடக்கும்?" என்று அப்பா கேட்டார்.

கேட்டது அப்பா. படிப்பித்தவர். நான் சொல்லத்தானே வேண்டும்? பால் பொங்கி வழிந்தால் சுவாலை அணையும், காஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும், பூட்டிய அறை, எங்காவது ஒரு சிறு பொறி போதும் என்று தெளிவாக, படிப்படியாக விளக்கினேன்.

"வாயை மூடடா!" என்றாள் அக்கா.

பால் எழுந்தது. அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் முழங்காலில் விழுந்து, வாயைக் குவித்து, திரையில் தெரிந்த பாலை ஊதினார். முழு மூச்சோடு ஊதினார். குத்துவிளக்கு அணைந்தது. பால் அடங்கவில்லை. பானையின் விளிம்பில் வெள்ளையாகத் திரண்டு, ஒரு கணம் நின்று, அலமாரிப் பக்கமாக வழிந்தது.

அப்போதுதான் அலமாரிக் கதவில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது.

திரையில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கோடு அகன்றது. அகன்ற இருட்டுக்குள்ளிருந்து நான்கு விரல்கள் வந்து கதவின் ஓரத்தைப் பிடித்தன. பிறகு ஒரு கை. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. முழங்கை வரைக்கும் வந்த கை நிலத்தில் தடவிக்கொண்டே போய், அடுப்பின் திருகைக் கண்டுபிடித்து, அணைத்தது. சூடு பட்டதுபோல ஒருமுறை உதறிக்கொண்டது. பிறகு மிகுந்த கவனத்தோடு, சரிந்து கிடந்த புதினாக் கட்டை எடுத்துத் தேங்காய்க்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தது. பின்வாங்கியது. அலமாரி மூடிக்கொண்டது.

"முருகா!" என்று அம்மா போட்ட சத்தத்தில் தெருவில் பியானோக்காரர்கள் வாயடைத்துப் போனார்கள். அப்பா கதிரையில் இருந்துவிட்டார். அக்கா மட்டும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"டேய். உன்ர கம்பிரசருக்குக் கை இருக்கு."

வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் விளக்கம் இல்லை. அந்த நேரத்தில் அலமாரிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய, கெஞ்சுகிற குரல்.

"அம்மா... சத்தம் போடாதீங்கம்மா."

அம்மா அப்பாவின் கையைப் பிடித்தார். "இஞ்சருங்கோ. பேய் தமிழ் கதைக்குது."

அப்பா கூர்ந்து கேட்டுவிட்டு, "இந்தியத் தமிழ்," என்றார்.

ஊரில் பேய் பிடித்தவர்களிடம் கேள்வி கேட்பதை அம்மா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். முறை தெரியும். நிமிர்ந்து இருந்து, குரலைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"ஆர் நீ? உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாங்கம்மா. நான் இங்கதான் இருக்கேன்."

"எவ்வளவு காலமா இருக்கிறாய்?"

"பதினோரு மாசமாங்கம்மா."

"ஏன் போகேல்லை?"

அலமாரிக்குள் ஒரு சின்ன இருமல். பிறகு குரல் சொன்னது: "வாடகை குடுத்திருக்கேங்கம்மா."

இதற்கு என்ன கேட்பது என்று ஊரில் யாரும் அம்மாவுக்குக் காட்டித் தரவில்லை.

அலமாரி திறந்தது. உள்ளே தட்டுகள் இல்லை. அது அலமாரியே இல்லை, ஒரு கதவு. அதற்கு அப்பால் ஒரு கட்டில் அளவேயான சிறு அறையின் இருட்டு. அதிலிருந்து லுங்கியும் தோளில் துவாயுமாக, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு மெலிந்த மனிதர் வந்து, போனுக்கு முன்னால் குந்தி இருந்தார். எங்கள் தொலைக்காட்சி முழுவதும் அவருடைய முகம். எங்களைவிடப் பயந்துபோன முகம்.

பெயர் சேகர் என்றார். திருவாரூர்ப் பக்கம். இரவில் ஒரு பேக்கரியில் வேலை, பகலில் தூக்கம். அந்த ஊரில் அவருடைய சம்பளத்துக்கு முழு அறை கிடைக்காது என்பதால், வீட்டு வேலைக்காரர்களுக்கென்று கட்டிய அந்தச் சிறு அறையை ஏஜன்ட் அவருக்குத் தனியாக வாடகைக்கு விட்டிருந்தார். கதவை அலமாரி மாதிரி மாற்றியதும் ஏஜன்ட்தான்.

"புதுசா ஒரு கனடாக்காரர் வர்றாரு, பகல்ல அவர் வேலைக்குப் போயிடுவாரு, ராத்திரி நீ போயிடுவ, ரெண்டு பேரும் பாத்துக்கவே மாட்டீங்கன்னு சொன்னாருங்க. வெங்காயம் வதக்கக்கூடாது, இருமக்கூடாதுன்னாரு. இருமலத்தாங்க அடக்க முடியல."

இரண்டு வருடம். நான் தினமும் மாலையில் வந்து, தேத்தண்ணீர் போட்டு, அட்டவணையைத் திறந்துவைத்து இருந்திருப்பேன். அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு பலகைக்கு அப்பால், ஒரு மனிதர் நான் தூங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். லீவு நாட்களில் இருமல் கேட்டால் கம்பிரசர் என்று எழுதி வைத்திருப்பேன்.

"சார், நீங்க வீட்ட எடுத்துக்கங்க," என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார் சேகர். "நான் இருக்கறதே தெரியாம இருந்துக்கறேன். ஏஜன்டுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வெளிய தெரிஞ்சுதுன்னா இன்னைக்கே பெட்டியத் தூக்கி வெளிய வச்சிருவாரு. ஊருக்கு இன்னும் ரெண்டு மாசத்துக்குப் பணம் அனுப்பியாகணும், தங்கச்சிக்குக் கல்யாணம்."

அம்மா திரைக்கு இன்னும் கிட்டப் போனார்.

"தம்பி, சாப்பிட்டனீங்களோ?"

"இல்லீங்கம்மா. இப்பத்தான் எழுந்தேன்."

"அந்தப் பாலைக் குடியுங்கோ. ஊதிக் குடியுங்கோ, சுடும்."

அவர் தயங்கினார். அம்மா விடவில்லை. சேகர் உள்ளே போய் ஒரு கோப்பை எடுத்துவந்து, ஊற்றி, துபாய் இருட்டில் குந்தியிருந்து பால் குடிப்பதை நாங்கள் நால்வரும் மொன்றியலின் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"பாலை இறக்கினதும் அவர். முதல்ல குடிச்சதும் அவர். இனி அது அவற்ற வீடு. உனக்கு அங்க அலுவல் இல்லை."

அப்போது அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அண்ணை, நீங்கள் இப்பதான் எழும்பினது எண்டால், பாத்ரூமில குளிச்சது ஆர்?"

சேகர் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய பார்வை ஹோலின் மறுபக்கச் சுவருக்குப் போய், மேலே கூரைக்கு ஏறி, திரும்பி வந்தது.

"அத நான் சொல்லக்கூடாதுங்க."

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. கோப்பையோடு அவர் அலமாரிக்குள் மறைந்தார். கதவு திறந்தது. நிரோஷன் வந்தான், மறக்காமல் வலது காலை வைத்து. அவனுக்குப் பின்னால் ஏஜன்ட். மடிப்புக் குலையாத முழுக்கைச் சேட், மணக்க மணக்க அத்தர் பூசியிருப்பார் போன்ற ஒரு சிரிப்பு. போனுக்குள் குனிந்து ஆங்கிலத்தில் எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னார். எல்லாம் மங்களமாக முடிந்ததா, காசைக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

நிரோஷனின் கை சேட் பையில் இருந்த காசுறைக்குப் போனது.

"குடுக்காதே!" என்று நாங்கள் நால்வரும் ஒரே குரலில் கத்தினோம்.

ஏஜன்டின் சிரிப்பு அப்படியே நின்றது. என்ன காரணம் என்று கேட்டார். காரணம் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் முன்பணத்தைத் திருப்பித் தரத்தான் வேண்டும், விஷயம் வெளியே போனால் ஏஜன்டுக்குத்தான் ஆபத்து. சொன்னால் அன்றிரவே சேகரின் பெட்டி நடைபாதைக்கு வரும் என்பதும் தெரியும். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தன் முழங்காலைத் தடவிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தார்.

"பால் மேற்குப் பக்கம் பொங்கிப்போட்டுது எண்டு சொல்லு," என்றார் அம்மா. "கூடாத சகுனம். எங்களுக்கு வீடு வேண்டாம்."

"அம்மா, அப்பிடிச் சொன்னா அட்வான்ஸ் வராது."

"தெரியும். சொல்லு."

நான் சொன்னேன். கட்டடங்களின் காற்றோட்டத்தில் பட்டம் பெற்றவன், பால் மேற்கே வழிந்தபடியால் குத்தகையைக் கைவிடுகிறோம் என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். நான் உண்மையிலேயே எஞ்சினியர்தானா என்று ஏஜன்ட் கேட்டார். ஆம் என்றேன். சொந்த மூடநம்பிக்கைக்கு முன்பணம் திருப்பித் தரப்படாது என்றார். சரி என்றேன். அவர் குனிந்து பானையைப் பார்த்தார். பாதிப் பால் இல்லை. இவ்வளவு நேரமும் பூட்டியிருந்த வீடு. அவர் அலமாரியைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு நிமிர்ந்து, இரண்டாவது தடவையும் எங்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வீடு இல்லாமல் என் அட்டவணையில் ஒரு பச்சை வரியும் மிஞ்சவில்லை (வெந்நீரைத் தவிர). வேலையை வேண்டாம் என்று எழுதினேன். உண்மையை வெளியே சொல்லமுடியாது என்பதால், பால் வழிந்த திசைக்காகத் துபாய் வேலையை விட்ட எஞ்சினியர் என்று மொன்றியல் முழுக்கப் பெயரெடுத்தேன். கோவிலில் சிலர் என்னை மரியாதையோடு பார்த்தார்கள், அது இன்னும் மோசம். பெண் பார்க்கப் போன வீட்டில் அந்தப் பெண், "நீங்கள்தானே அந்தப் பால்காரர்?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் யார் இருமினாலும் இன்றைக்கும் யாராவது ஒருவர், "கம்பிரசர்" என்பார். யாருமே இருமாமல் அந்தச் சத்தம் கேட்கிற நாட்களும் உண்டு. அப்போது அம்மா எழுந்து போய் அலமாரிகளைத் திறந்து பார்ப்பார்.

இந்தக் கோடையில் நிரோஷன் லீவில் வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டான். அன்றைக்குப் பிறகு தனக்குச் சிநேகிதமாகிவிட்ட சேகர், தங்கச்சியின் கலியாணத்தை முடித்துவிட்டு ஊரோடு போய்விட்டார், இனி யாரும் அவரை வெளியே தள்ளமுடியாது என்றான். அம்மாவுக்கு நிம்மதி. ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி.

"அப்ப அண்டைக்குக் குளிச்சது ஆராம்?"

"நானும் கேட்டனான், அன்ரி. அதை மட்டும் அவர் கடைசிவரைக்கும் சொல்லேல்லை."

பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, அப்பா அன்றைய செலவைக் கேட்டார். நிரோஷன் வேண்டாம் வேண்டாம் என்றான். அப்பா விடவில்லை. டாக்சி, அடுப்பு, தேங்காய், புதினா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விரல் மடித்து, அறுபது டொலரை அவன் சேட் பைக்குள் திணித்தார்.

"அட்வான்ஸ் எங்கட காசில ஆயிரத்து எண்ணூற்றி நாப்பது," என்றார். "உதோட அறுபது. மொத்தம் ஆயிரத்துத் தொளாயிரம்."

"பாலைச் சேர்த்தோ?" என்று அம்மா குசினியிலிருந்து கேட்டார்.

"பாலைச் சேர்த்துத்தான். ஆயிரத்துத் தொளாயிரம் டொலர்."